முழங்கால் மூட்டுக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம்?

முழங்கால் வலிக்கத் தொடங்கியதும் பலர் முதலில் குறைப்பது நடையைத்தான். அடிபட்டு வீங்கிய மூட்டுக்கு இரண்டொரு நாள் ஓய்வு தேவை, சரி. ஆனால் தேய்மான வலிக்கு மாதக்கணக்கில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் மூட்டு இன்னும் கெடும்.

தொடை எலும்பின் கீழ்முனை, காலெலும்பின் மேல்முனை, முழங்கால் சில்லின் உட்பக்கம் ஆகிய மூன்றையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 2 முதல் 4 மி.மீ. தான். அதற்குள் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதற்கு வேண்டிய சத்து பெரும்பாலும் மூட்டுத் திரவத்திலிருந்துதான் வருகிறது. கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தி நீரை வெளியே விடும். காலைத் தூக்கும்போது திரவம் மறுபடி உள்ளே ஊறும். ஊன்றுவதும் தூக்குவதும் மாறிமாறி நடந்தால்தான் அதற்குச் சாப்பாடு. நரம்பு இல்லாததால் தேய்மானம் தொடங்கும்போது வலிக்கவும் செய்யாது. வலி வருவது அடியிலுள்ள எலும்பிலிருந்தும் மூட்டு உறையிலிருந்தும் சுற்றியுள்ள திசுக்களிலிருந்தும்தான். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெளிவாகத் தெரிந்தும் வலியே இல்லாமல் நடமாடுபவர்கள் இருப்பது இதனால்தான். படத்தைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம்.

மூட்டின் மேல் விழும் அதிர்வைத் தாங்குவதில் தொடையின் முன்தசைக்குப் பெரும் பங்கு உண்டு. மூட்டு வீங்கினால் இந்தத் தசை தானாகவே வேலையைக் குறைத்துக்கொள்ளும், சில வாரங்களில் மெலிந்தும் போகும். ஆகவே பயிற்சியை இங்கே தொடங்குங்கள்.

முதலில், காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். துண்டை நசுக்குவதுபோல் முழங்காலைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். 10 தடவை. தொடை கல்லாக இறுக வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் துண்டை எடுத்துவிடுங்கள். வலிக்கு இதமாக இருக்கிறதென்று இரவு முழுவதும் தலையணையை முழங்காலுக்கு அடியில் வைத்துத் தூங்குவது கெடுதல்: மடங்கியே இருக்கும் மூட்டு நாளடைவில் முழுதாக நீள மறுக்கும்.

அடுத்தது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக ஏறத்தாழ 30 செ.மீ. உயர்த்தி 5 விநாடி நிறுத்துவது. இதுவும் 10 தடவை.

இவை எளிதானதும் நாற்காலிப் பயிற்சி. இருப்பதிலேயே பயன் மிகுந்தது இதுதான் என்பேன். கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்து, 3 விநாடி எடுத்து மெதுவாக உட்காருங்கள். 10 தடவை ஒரு சுற்று. நடுவில் ஒரு நிமிடம் விட்டு இன்னொரு சுற்று. தொப்பென்று உட்கார்ந்தால் பாதிப் பலன் போய்விடும், ஏனென்றால் மெதுவாக இறங்கும்போதும் தசை உழைக்கிறது. எழும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். சாய்ந்தால் பெரும்பாலும் இடுப்பின் பக்கத் தசை பலவீனமாக இருக்கிறது என்று பொருள். முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக வரும்படி திருத்துங்கள். எழவே சிரமமென்றால் இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டலாம்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். பலம் கூடுவது தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும், அதற்குள் விட்டுவிடாதீர்கள்.

அளவை வலியே சொல்லும். வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் பயிற்சியின்போது 3 வரை இருக்கலாம். 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். மறுநாளும் வலி கூடியே இருந்தாலோ வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். வலியில்லாமல் வரும் ‘கடக் கடக்’ சத்தம் பொதுவாகத் தீங்கற்றது.

உடல் எடை கூடுதலாக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமையில் ஏறக்குறைய 4 கிலோவைக் குறைக்கிறது. 5 கிலோ குறைந்தாலே கணக்கு எங்கே போகிறது பாருங்கள்.

கைத்தடியை வலிக்கும் காலின் பக்கம் பிடிப்பது பரவலான தவறு. எதிர்க்கையில் பிடித்து, வலிக்கும் காலோடு சேர்த்து முன்னே வையுங்கள். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

எலும்புக்கும் சுமை தேவை, கூடவே சுண்ணாம்புச் சத்தும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி., 50 வயது கடந்த பெண்களுக்கு 1200 மி.கி. என்பது பொதுவான பரிந்துரை. சிறுநீரகக் கல் இருந்தவர்கள் மாத்திரையாக எடுக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

சில நிலைகளில் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்: காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாக வீங்குவது, அடிபட்ட சில மணி நேரத்திலேயே பெரிதாக வீங்குவது, காலை ஊன்றவே முடியாதது, மடக்கவோ நீட்டவோ வராமல் மூட்டு பூட்டிக்கொள்வது. காலையில் எழுந்ததும் வரும் மூட்டு விறைப்பு தேய்மானத்தில் பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம்; அதற்கு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு மூட்டு மிஞ்சும்.