விளக்கடித்தால் நில்லுங்கள்: கொழும்பின் காலி (Galle) வீதியைக் கடக்கப் போகிறவர்களுக்கு

பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ், நோர்வே, கனடா என்று எங்கிருந்து வந்தாலும், கொழும்பில் முதல் சில நாட்களுக்கு வீதியோரம் நின்றதும் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பும். இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுவதால், இருவழி வீதியில் உங்களை முதலில் நெருங்குவது வலப்பக்கமிருந்து வருவதுதான். லண்டன்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு வேறொன்று காத்திருக்கிறது.

லண்டனில் கார்க்காரர் முன்விளக்கை ஒருமுறை மின்னவிட்டால் ‘நீங்கள் போங்கள்’ என்று எடுத்துக்கொள்வோம். காலி வீதியில் அதற்குப் பெரும்பாலும் ‘நான் வருகிறேன், நில்’ என்று பொருள். லண்டனில் பிறந்த என் பெறாமகள் வெள்ளவத்தையில் ஒரு வான் விளக்கடித்ததும், நன்றிக்குக் கையை உயர்த்தியபடி இறங்கிவிட்டாள். மரக்கறிப் பையோடு பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். வான் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

அப்படிப்பட்ட அம்மாக்களைத் தேடிக்கொள்ளுங்கள். அவர்கள் இறங்கும்போது நீங்களும் இறங்குங்கள். அந்த அம்மாவுக்கு இடப்பக்கமாக நடந்தால் பாதி வீதிவரை அவரே உங்களுக்குக் கவசம்; கொஞ்சம் சுயநலம்தான்.

பாதசாரிக் கடவையை நம்மவர் இன்னமும் ‘மஞ்சள் கோடு’ என்பார்கள், பூச்சு வெள்ளையாக இருந்தாலும். அதில் கால் வைத்தால் கார்கள் பெரும்பாலும் நிற்கும். ஆனால் உங்களுக்காக நின்ற பஸ்ஸின் மறைவிலிருந்துதான் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் பாய்ந்து வரும். பஸ்ஸின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்த பிறகே அடுத்த அடி. கையைத் தாழ நீட்டி, ஒரே வேகத்தில் நடங்கள். பாதியில் பயந்து திரும்பி ஓடாதீர்கள். உங்கள் நடையைக் கணக்கிட்டுத்தான் ஓட்டுநர் வளைக்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கினால் அது போகும்வரை பொறுங்கள், முன்னால் குறுக்கே போக வேண்டாம்.

மாலையில் கடற்கரைக்குப் போகிறவர்கள் கடலோர வீதியான மரைன் டிரைவைக் கடந்ததும் கவனத்தை விட்டுவிடுகிறார்கள். அதற்கப்பால் இரட்டை ரயில் பாதை இருக்கிறது. ஒரு ரயில் போய் முடிந்ததும் மறுதிசையிலிருந்து இன்னொன்று வரலாம். அலைச் சத்தத்தில் அது வருவதே கேட்காது. காதிலிருக்கும் இயர்போனைக் கழற்றிவிடுங்கள்.

அம்புலன்சுக்கு 1990, கட்டணமில்லை. பொலிசுக்கு 119. விமான நிலையத்தில் சிம் போட்டவுடனேயே இரண்டையும் பதிந்துகொள்ளுங்கள்.