நாஸ்கார் ரேஸில் பந்தயம் கட்டுவது எப்படி

அமெரிக்காவின் கார் பந்தயமான நாஸ்காரின் முதன்மைத் தொடர் கப் தொடர். அதன் ஒரு ரேஸில் குறைந்தது 36 கார்கள் இறங்கும், அதிகபட்சம் 40. கிரிக்கெட்டில் இரண்டில் ஒன்று ஜெயிக்கும். இங்கே எவ்வளவு பெரிய ஓட்டுநரும் பெரும்பாலான வாரங்களில் தோற்பார். 2021இல் கைல் லார்சன் 36 ரேஸில் 10 வென்றார். அண்மைக் காலத்தில் அதைவிடப் பெரிய ஆதிக்கத்தைக் காண்பது அரிது, ஆனாலும் அது நூற்றுக்கு 28 வெற்றிதான். அந்த ஆண்டு முழுவதும் +250 விலையில் (ஜெயித்தால் 100 டாலருக்கு 250 டாலர் லாபம்) அவர்மீதே கட்டியிருந்தால்கூடக் கடைசியில் கை கடித்திருக்கும். யார் ஜெயிப்பார் என்பது பாதிக் கேள்விதான். கொடுக்கும் விலை அந்த வாய்ப்புக்குத் தகுமா என்பதே முழுக் கேள்வி.

கட்டுவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். விளையாட்டுப் பந்தயத் தடையை நீக்கிய 2018 மே மாத அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவெடுக்கிறது. வட கரோலினாவில் 2024 மார்ச் 11 முதல் செல்போனிலேயே கட்டலாம். டார்லிங்டன் ஓடுதளம் இருக்கும் தென் கரோலினா, டல்லடேகா ஓடுதளம் இருக்கும் அலபாமா, அட்லான்டா ஓடுதளம் இருக்கும் ஜார்ஜியா மூன்றிலும் 2025 முடியும்வரை அனுமதி வரவில்லை. மாநில எல்லையைத் தாண்டினால் செயலி உங்கள் இருப்பிடத்தைப் பார்த்துப் பந்தயத்தை மறுத்துவிடும். பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்தியாவில் 2025இல் வந்த சட்டம் பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. அங்கிருப்பவர்கள் குறுக்குவழி தேட வேண்டாம்.

விலையைப் படிப்பது

+450 என்றால் 100 டாலருக்கு 450 டாலர் லாபம். −150 என்றால் 100 டாலர் லாபத்துக்கு 150 டாலர் கட்ட வேண்டும். இதை வாய்ப்பாக மாற்றாமல் ஒரு பந்தயமும் கட்டக் கூடாது. கூட்டல் குறி இருந்தால், விலையோடு 100 சேர்த்து, அந்தத் தொகையால் 100ஐ வகுக்க வேண்டும்: +450க்கு 100 ÷ 550, அதாவது 18.2 சதவீதம். கழித்தல் குறி இருந்தால், விலையை விலையோடு 100 சேர்த்த தொகையால் வகுக்க வேண்டும்: −150க்கு 150 ÷ 250, அதாவது 60 சதவீதம்.

ஒரு ரேஸின் எல்லா ஓட்டுநர்களுக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டிப் பாருங்கள். 100ஐக் கணிசமாகத் தாண்டும். தாண்டும் அளவுதான் பந்தய நிறுவனத்தின் பங்கு. ரேஸை யார் ஜெயிப்பார் என்று கட்டும் வெற்றியாளர் சந்தையில் இந்தப் பங்கு பெரியது. இரண்டு ஓட்டுநர்களில் யார் முன்னால் முடிப்பார் என்னும் நேருக்கு நேர் பந்தயத்தில் சிறியது: இருபுறமும் −115 என்றால் ஒவ்வொன்றும் 53.5, கூட்டினால் 107. புதிதாகக் கட்டுபவர்கள் +2000, +3000 என்ற எண்களைப் பார்த்து வெற்றியாளர் சந்தையிலேயே பணத்தைக் கொட்டுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் நேருக்கு நேர்.

ஒரே ஓட்டுநருக்கு ஒரு நிறுவனம் +1200 கொடுக்கும், இன்னொன்று +1600 கொடுக்கும். முன்னது 7.7 சதவீதம், பின்னது 5.9. இரண்டு மூன்று கணக்கு வைத்திருந்து ஒப்பிடுவதைவிட எளிதான லாபம் வேறில்லை.

ஓடுதளத்தைப் பிரித்துப் பார்ப்பது

சாம்பியன்ஷிப் புள்ளிப் பட்டியலைப் பார்த்துக் கட்டுவது பெருந்தவறு. ஓடுதளத்தின் வகை மாறினால் விளையாட்டே மாறுகிறது.

டேட்டோனா (2.5 மைல்), டல்லடேகா (2.66 மைல்), 2022இல் வளைவுகளின் சரிவை 28 டிகிரியாக உயர்த்திய அட்லான்டா (1.54 மைல்) மூன்றும் ஒரு வகை. எஞ்சின் சக்தியை ஏறக்குறைய 510 குதிரைத்திறனாகக் குறைத்துவிடுவதால் கார்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கூட்டமாகவே ஓடும். முன்னால் ஒருவர் தடுமாறினால் பின்னால் பதினைந்து கார்கள் நொறுங்கும். 2021 டேட்டோனா 500 ரேஸை மைக்கேல் மெக்டவல் வென்றார். அவருடைய 358ஆவது ரேஸில் வந்த முதல் வெற்றி அது. 2024 ஆகஸ்டில் அதே இடத்தில் வென்ற ஹாரிசன் பர்ட்டன் அப்போது புள்ளிப் பட்டியலில் 34ஆம் இடத்தில் இருந்தார். இங்கே ஜெயிப்பார் என்று பலரும் எதிர்பார்க்கும் ஓட்டுநர்மீது +1000க்குக் கட்டுவது லாபமில்லை. பெரிய விலையுள்ள மூன்று நான்கு பேர்மீது சில்லறைத் தொகை போதும். நேருக்கு நேரைத் தொடவே வேண்டாம், விபத்துதான் அதைத் தீர்மானிக்கும். தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றின் முடிவுக்கும் இங்கே பெரிய மதிப்பில்லை.

மார்ட்டின்ஸ்வில் (0.526 மைல்) அதற்கு நேரெதிர். 2022இல் வந்த புதிய காரில் குறுகிய தளங்களில் முந்துவது கடினம். முன்வரிசையில் தொடங்குபவருக்கு நல்ல பிட் இடமும் (டயர் மாற்றி எரிபொருள் நிரப்ப நிற்கும் இடம்) கிடைக்கிறது. இத்தகைய இடங்களில் தகுதிச் சுற்று முடிந்தபின் கட்டுங்கள். அதற்குள் விலை இறங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்.

இடமும் வலமும் வளையும் சாலைத் தளங்களில் ஓட்டுநர் ஷேன் வான் கிஸ்பர்கன் கணக்கையே மாற்றிவிட்டார். 2023இல் சிகாகோ தெருவில் அறிமுக ரேஸிலேயே வென்றவர், 2025இல் இத்தகைய தளங்களில் ஐந்து வென்றார். இப்போது அவர் விலையில் லாபம் எடுப்பது கடினம், மற்றவர்களுக்கிடையிலான நேருக்கு நேரைப் பாருங்கள். இன்னொன்று: ரேஸ் பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் முன்னணியில் இருப்பவர்களுக்குப் புள்ளி உண்டு. சாலைத் தளங்களில் ஒரு கட்டத்தை யார் ஜெயிப்பார் என்னும் பந்தயத்தில் எச்சரிக்கை தேவை. வேகமான கார்கள் முதல் இரண்டு கட்டங்கள் முடிவதற்குச் சற்று முன்பே பிட்டுக்குள் போய்விடும். கட்டப் புள்ளியை விட்டுக்கொடுத்து, ரேஸின் கடைசிக்கு நல்ல இடத்தைப் பிடிக்கும் உத்தி அது. உங்கள் கணிப்பு சரியாகவே இருந்தும் பணம் போகும்.

உழைப்புக்கு உண்மையான பலன் தருபவை லாஸ் வேகாஸ், கான்சஸ், சார்லட் போன்ற 1.5 மைல் தளங்கள். காரின் வேகம் இங்கே முடிவில் நேராகத் தெரியும். பயிற்சி நேரப் பட்டியலில் ஒற்றைச் சுற்று வேகத்தை விட்டுவிட்டு, தொடர்ந்து 10 சுற்றுகளின் சராசரியைப் பாருங்கள். புது டயரில் ஒரு சுற்று பறப்பது பலருக்கும் முடியும், டயர் தேய்ந்தபின் நேரம் எவ்வளவு சரிகிறது என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை ரேஸைச் சொல்லும். பயிற்சி இரண்டு குழுவாக நடந்தால் குழுவுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். இடையில் தளத்தின் சூடும் பிடிப்பும் மாறிவிடும். கூடவே, அந்தத் தளத்தில் முன்பு நடந்த ரேஸ்களின் சராசரி ஓட்ட இடத்தை, அதாவது ரேஸ் முழுதும் ஓட்டுநர் சராசரியாக எத்தனையாவதாக ஓடினார் என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். முடித்த இடம் ஏமாற்றும்: நாள் முழுதும் நான்காவதாக ஓடி, கடைசியில் டயர் வெடித்து 31ஆவதாக முடித்தவரின் விலையைச் சந்தை தாராளமாக உயர்த்தும். வாங்க வேண்டியது அவரைத்தான்.

தொகையும் நேரமும்

சீசனுக்கு 500 டாலர் ஒதுக்கினால், ஒரு நேருக்கு நேருக்கு 5 டாலர், வெற்றியாளர் பந்தயத்துக்கு ஒன்றிரண்டு டாலர், ஒரு ரேஸுக்கு மொத்தம் 12 டாலர். 36 ரேஸும் தோற்றாலும் 432தான் போகும். போனதை மீட்க அடுத்த வாரம் இரட்டிப்பாகக் கட்டத் தோன்றினால் அன்றே கணக்கை மூடிவிடுங்கள். சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள அமெரிக்காவில் 1-800-426-2537 என்ற உதவி எண் இருக்கிறது.

ரேஸ் நாள் காலையில் மாற்று காருக்குப் போனவர்கள், எஞ்சின் மாற்றியவர்கள், பின்வரிசைக்கு அனுப்பப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். தொழில்நுட்பப் பரிசோதனையில் மீண்டும் மீண்டும் தோற்ற அணி பிட் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் இழக்கும். இந்தச் செய்தி விலையில் ஏறச் சில நேரம் தாமதமாகும்.

பணம் எப்போது உங்களுடையது

நிறுவனத்தின் மோட்டார் ரேஸ் விதிகளைக் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். 2022 ஜூலையில் பொக்கோனோ ஓடுதளத்தில் முதலாவதாக வந்த டென்னி ஹாம்லினும் இரண்டாவதாக வந்த கைல் புஷ்ஷும் பரிசோதனையில் தகுதியிழந்தார்கள். வெற்றி மூன்றாவதாக வந்த சேஸ் எலியட்டுக்குப் போனது. கோட்டைக் கடந்த வரிசைப்படி பணம் தரும் நிறுவனங்களும் உண்டு, இறுதி முடிவுக்குக் காத்திருப்பவையும் உண்டு.

மழை வந்தால், பாதித் தூரமோ இரண்டாம் கட்டமோ எது முதலில் முடிகிறதோ அதன்பின் ரேஸ் செல்லுபடியாகும். 2024 கோகோ கோலா 600 ரேஸ் திட்டமிட்ட 400 சுற்றுகளில் 249உடன் நின்றது, வெற்றி கிறிஸ்டோபர் பெல்லுக்கு. அதே நாளில் இண்டியானாபொலிஸில் வேறொரு ரேஸ் ஓடிவிட்டு லார்சன் வந்து சேர்ந்தபோது ரேஸ் மழையால் நின்றிருந்தது. அவருடைய 5ஆம் எண் காரை ஜஸ்டின் ஆல்கயர் தொடங்கி ஓட்டியிருந்தார், லார்சன் ஒரு சுற்றும் ஓட்டவில்லை. மாற்று ஓட்டுநர் இறங்கினால் உங்கள் பணம் திரும்புமா, நிற்குமா என்ற வரியை விதிகளில் தேடிப் பாருங்கள்.