பண்ணை வேலைக்கு பூட்ஸ் வாங்குவது எப்படி? தரையிலிருந்து தொடங்குங்கள்

கடையில் போட்டுப் பார்க்கும் ஐந்து நிமிஷத்தில் எல்லா பூட்ஸும் நன்றாகத்தான் இருக்கும். தொழுவத்தைக் கழுவிவிட்டு, வேலிக்கம்பம் நடக் குழி தோண்டிவிட்டு, மதியத்துக்கு மேல் மேட்டில் ஏறி இறங்கும்போதுதான் எது கடிக்கிறது, எது தண்ணீரை உள்ளே விடுகிறது, எதன் சோல் வழுக்குகிறது என்பதெல்லாம் தெரியவரும். அதற்குள் பூட்ஸில் சேறு ஏறியிருக்கும், கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்.

முதன்முதலில் வேலைக்கென்று பூட்ஸ் வாங்குபவர்கள் பிராண்டைப் பார்த்து ஆரம்பிக்கிறார்கள், இல்லையென்றால் விலையை. நான் சொல்லும் வரிசை இது: முதலில் நீங்கள் நிற்கும் தரை, அடுத்து உங்கள் கால், அதற்கப்புறம்தான் பூட்ஸ்.

படி 1: நாள் முழுக்க எதன்மேல் நிற்கிறீர்கள்?

சாணமும் மூத்திரமும் தண்ணீரும் கலந்த ஈரத் தரையில்தான் பாதி நாள் போகிறது என்றால் தோல் பூட்ஸை மறந்துவிட்டு கம்பூட்ஸ் என்கிற ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள். மாட்டு மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா தோலை வறட்டும், தையல் நூலையும் அரிக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தோலாக இருந்தாலும் இதில் தப்பாது. ரப்பராக இருந்தால் குழாயடியில் காட்டிக் கழுவிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

காய்ந்த நிலம், கல், முள், வேலி வேலை, மரம் வெட்டுவது என்றால் தோல் பூட்ஸ். உயரம் 6 அங்குலமோ 8 அங்குலமோ போதும். புதரும் முள்ளும் அதிகமென்றால் 8 பக்கம் போங்கள், வெயிலில் நிறைய நடப்பவர் என்றால் 6 போதும். மண்வெட்டியைக் காலால் அழுத்துபவர்களும் ஏணியில் நிற்பவர்களும் உள்ளே ஷாங்க் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பாதத்தின் நடுவில், சோலுக்குள் புதைந்திருக்கும் ஸ்டீல் அல்லது ஃபைபர்கிளாஸ் பட்டைதான் அது. அது இல்லாவிட்டால் ஏணிப் படியின் விளிம்பு உள்ளங்காலில் அப்படியே பதியும்.

குதிரை ஏறுபவர்களுக்குக் கதையே வேறு. அங்கவடிக்குள் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) கால் முழுசாக நுழைந்து மாட்டிக்கொண்டால், கீழே விழும்போது குதிரை ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். அதனால்தான் சவாரி பூட்ஸில் எடுப்பான குதி இருக்கும், சோல் வழவழப்பாக இருக்கும், பெரும்பாலும் லேஸ் இல்லாமல் இழுத்துப் போடும் மாதிரியில் வரும். ஆழமான பள்ளம் வெட்டிய சோலும் லேஸ் மாட்டும் கொக்கிகளும் அங்கவடியில் சிக்கக்கூடியவை. சவாரியும் உண்டு, குழி தோண்டுவதும் உண்டு என்றால் இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒரே பூட்ஸில் இரண்டையும் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

படி 2: காலை அளந்துகொள்ளுங்கள்

"எனக்கு சைஸ் 9" என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். ஒரு கம்பெனியின் 9 இன்னொரு கம்பெனியின் 9 ஆக இருப்பதில்லை. அதோடு வயது ஏற ஏற கால் கொஞ்சம் அகலமாகவும் செய்யும்.

சாயந்திரம் அளங்கள். நாள் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும், பூட்ஸ் தாங்க வேண்டியது அந்தக் காலைத்தான். வேலைக்குப் போடும் அதே தடிமனான சாக்ஸைப் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைத்தாளின் மேல் முழு எடையும் இறங்கும்படி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து யாரையாவது கோடு வரையச் சொல்லுங்கள் (நீங்களே குனிந்து வரைந்தால் எடை மாறிவிடும்). குதிகாலிலிருந்து நீளமான விரல் வரை அளவெடுங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். அகலமான இடத்தில் குறுக்களவும் எடுங்கள். இரண்டு காலும் அநேகமாக ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்குத்தான் பூட்ஸ்.

இன்னொரு அளவை யாரும் எடுப்பதில்லை: குதிகாலிலிருந்து கட்டைவிரலின் அடிமூட்டு வரை உள்ள நீளம். நடக்கும்போது கால் மடங்குவது அங்கேதான், பூட்ஸும் அதே இடத்தில் மடங்க வேண்டும். மொத்த நீளம் ஒன்றாக இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு விரல்கள் நீளமாகவும் இன்னொருவருக்குக் குட்டையாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரே சைஸ் பொருந்தாது. சில கடைகளில் பிரானாக் என்ற உலோக அளவுப் பலகை வைத்திருப்பார்கள். மொத்த நீளம், அகலம், இந்த மூட்டு நீளம் மூன்றையும் அது காட்டிவிடும். இருந்தால் கேட்டு வாங்கி நில்லுங்கள்.

படி 3: போட்டுப் பார்ப்பது

அவசரப்படவே கூடாத இடம் இது. வேலை சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். லேஸைக் கட்டாமல் காலை முன்னால் தள்ளி, விரல் நுனி பூட்ஸின் முனையைத் தொடும்படி வையுங்கள். குதிகாலுக்குப் பின்னால் கையின் ஆள்காட்டி விரல் ஒன்று நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் நீளம் போதாது, அங்கேயே கழற்றிவிடுங்கள்.

நுழைகிறதா? சரி, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து லேஸைக் கட்டுங்கள். கால்விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடிய வேண்டும், பாதத்தின் நடுப்பகுதி மட்டும் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். எழுந்து நடங்கள். புது தோல் பூட்ஸில் குதிகால் லேசாக, சுமார் அரை சென்டிமீட்டர், தூக்குவது சகஜம். விறைப்பான சோல் மடங்கிப் பழகியதும் அது குறையும். அதற்கு மேல் தூக்கினாலோ ஒவ்வொரு அடிக்கும் சாக்ஸைக் கீழே இழுத்தாலோ கொப்புளம் நிச்சயம்.

அப்புறம் குந்தி உட்காருங்கள். கடையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. பண்ணையில் பாதி வேலை குந்தித்தான். விரல்களுக்குப் பின்னால், பூட்ஸ் மடங்கும் இடத்தில் தோலின் மடிப்போ, முனையில் விரல்களைக் காக்க வைக்கும் மூடியின் விளிம்போ காலின் மேல்புறத்தை அழுத்துகிறதா என்று கவனியுங்கள். நிற்கும்போது தெரியாத இந்தக் கடி குந்தும்போது பளிச்சென்று தெரிந்துவிடும். அடுத்து படிக்கட்டிலோ சரிவிலோ இறங்கிப் பாருங்கள். விரல்கள் முன்னால் போய் முட்டினால் கால் நகம் கறுத்துப்போகும். லேஸைக் கணுக்கால் பக்கம் இன்னும் இறுக்கிப் பாருங்கள், அப்படியும் முட்டினால் அந்த பூட்ஸ் உங்களுக்கில்லை.

"போட்டுப் போட்டு சரியாகிடும் சார்" என்று ஒரு வசனம் வரும். பாதி உண்மை. தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. முனையில் ஸ்டீல் மூடி இருந்தால் அந்த இடம் அகலத்திலும் இளகாது. எனவே சுண்டுவிரல் ஓரம் லேசான இறுக்கம் என்றால் யோசிக்கலாம், விரல் நுனி முட்டுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

படி 4: கழற்றி, கையில் எடுத்துப் பாருங்கள்

தோலை முதலில் பாருங்கள். மேல்பரப்பை உரசி எடுக்காத ஃபுல் கிரெய்ன் தோலில் மயிர்த்துளைகளும் சின்னச் சின்னத் தழும்புகளும் கண்ணுக்குத் தெரியும், விரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கங்கள் விழும். நீண்ட நாள் வருவது அதுதான். ஒரே சீராக, பிளாஸ்டிக் போலப் பளபளத்தால் மேல்பரப்பைத் தேய்த்துவிட்டுப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மடங்கும் இடத்தில் அந்தப் பூச்சு வெடிக்கும்.

சோல் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பசையால் மட்டும் ஒட்டியது எடை குறைவு, விலையும் குறைவு, ஆனால் சோல் தேய்ந்தால் பெரும்பாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். குட்இயர் வெல்ட் முறையில் மேல்தோலையும் ஒரு தோல் பட்டையையும் சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைக்கிறார்கள். தேய்ந்த சோலைப் பிரித்துப் புதிது போடலாம் என்பதுதான் இதன் பலம். ஒட்டிய பூட்ஸிலும் ஓரத்தில் அழகுக்கு ஒரு தையல் ஓட்டி வைப்பதுண்டு, ஏமாந்துவிடாதீர்கள். தையல் மேல் பட்டையோடு நின்றுவிடுகிறதா, அடியிலிருக்கும் அடுக்கையும் பிடித்திருக்கிறதா என்று பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள்.

அடி சோலில், எண்ணெயும் டீசலும் சிந்தும் இடமென்றால் நைட்ரைல் ரப்பர் நல்லது. பள்ளங்கள் ஆழமாகவும், சேறு உதிர்ந்துவிடும்படி இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். நெருக்கமான பள்ளங்களில் களிமண் அடைத்துக்கொண்டால் அப்புறம் வெறும் வழுக்குப் பலகைதான். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியைக் கிள்ளிப் பாருங்கள், அமுங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். லேஸுக்கு அடியிலிருக்கும் நாக்கு இரண்டு பக்கமும் மேல்தோலோடு மடிப்பாகச் சேர்த்துத் தைத்திருந்தால் வைக்கோல் தூசியும் புல் விதையும் உள்ளே போகாது.

தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பாலியூரித்தேன் சோல் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதையும், அலமாரியில் சும்மா இருந்தாலும் சிதையும். பல வருஷம் பெட்டியில் கிடந்த பூட்ஸ் போட்ட முதல் வாரமே பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். பாதுகாப்புச் சான்று பெற்ற பூட்ஸில் பெரும்பாலும் தயாரித்த காலம் அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

படி 5: பாதுகாப்பு முனை தேவையா?

மாடு, டிராக்டர், மரக்கட்டை என்று கனமானவற்றோடு புழங்கினால் தேவை. பாதுகாப்புக் காலணிக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20345-இல் முனை 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும், அதாவது 20 கிலோ எடை சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அமெரிக்கத் தரம் ஏஎஸ்டிஎம் எஃப்2413. எந்தத் தரமாக இருந்தாலும் எண் அச்சிட்டிருக்கிறதா என்பதுதான் முக்கியம். "ஸ்டீல் டோ" என்று அட்டையில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. குளிர்ப் பிரதேசத்தில் ஸ்டீல் முனை காலைச் சில்லிட வைக்கும், அங்கே உலோகமில்லாத காம்போசிட் முனை சௌகரியம், என்ன, கொஞ்சம் புடைப்பாக இருக்கும். மூடி விரல்களுக்கு மட்டும்தான் காவல் என்பதையும் நினைவில் வையுங்கள். மாடு சற்றுப் பின்னால் தள்ளி, காலின் மேல்புறத்தில் மிதித்தால் அது உதவாது.

படி 6: வாட்டர்ப்ரூஃப்

குளிரும் ஈரமும் உள்ள இடத்துக்கு, தண்ணீரைத் தடுக்கும் உள்சவ்வு வைத்த பூட்ஸ் நல்லது. வெயில் ஊரில் அதே சவ்வு வியர்வையை வெளியே விடத் திணறும். மேல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் சீக்கிரம் காயவும் காயாது. வெப்பத்தில் வேலை செய்பவருக்கு சவ்வில்லாத நல்ல தோலும் அவ்வப்போது தடவும் மெழுகுமே போதும் என்பேன்.

படி 7: பழக்குவதும் பராமரிப்பதும்

புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு நேராக முழுநாள் வேலைக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் (தரை சுத்தமாக இருந்தால் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கும்), அப்புறம் அரை நாள், பிறகு முழுநாள். பருத்தி சாக்ஸ் நனைந்தால் நனைந்தபடியே இருந்து தோலை உரிக்கும், கம்பளியோ கம்பளி கலந்ததோ நல்லது.

நனைந்த பூட்ஸை அடுப்பருகிலோ ஹீட்டர் முன்னாலோ வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். இன்சோலைக் கழற்றி எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், தாள் ஈரமானதும் மாற்றுங்கள். சாணத்தை அன்றன்றைக்கே கழுவிவிடுங்கள். தோல் வெளுத்து வறண்டாற்போல் தெரிந்தால் தோலுக்கான கண்டிஷனர் தடவுங்கள், அளவோடு. அதிகம் தடவினால் தோல் தொளதொளத்துப்போகும். முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள், உள்ளே ஊறிய வியர்வை காய ஒரு நாளாவது வேண்டும்.

வெல்ட் பூட்ஸ் வைத்திருப்பவர்கள் குதியின் வெளி ஓரத்தை அடிக்கடி கவனியுங்கள். பெரும்பாலானோருக்கு முதலில் தேய்வது அங்கேதான், தேய்ந்தால் கால் சாய்ந்து முழங்காலும் வலிக்கும். தேய்மானம் அடுத்த அடுக்கைத் தொடுவதற்கு முன்பே சோல் மாற்றக் கொடுத்துவிடுங்கள். வெல்ட் பட்டையே தேய்ந்தபின் கொண்டுபோனால் பட்டையையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், செலவும் ஏறும்.