தரங்கம்பாடி, திருக்கடையூர்: பூவுக்குச் சொல்லிவைக்கும் முறை

மொரீசியஸிலிருந்து தரங்கம்பாடிப் பக்கம் உறவைத் தேடிப் போகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, இணையத்தில் பூங்கொத்துக்குப் பணம் கட்டுவது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர்தான். ஆனால் பூங்கொத்துக் கடை வைத்துப் பிழைக்கும் அளவுக்குப் பெரிய ஊரில்லை. ஆர்டர் வெளியூர்க் கடைக்குப் போகும், வெயிலில் பயணப்பட்டு வாடி வரும், இல்லையென்றால் ரத்தாகும். உள்ளூரில் கிடைப்பது சரம், மாலை, உதிரிப்பூ. அதையே கேளுங்கள்.

சிறு தேவைக்குத் தரங்கம்பாடியிலோ பக்கத்துப் பொறையாரிலோ சொல்லலாம். பெரிய மாலைக்குத் திருக்கடையூர்தான். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் ஓயாமல் நடக்கும் கோயிலூர் என்பதால் ஜோடி மாலை கட்டுவது அங்கே அன்றாட வேலை.

போன் செய்ய நல்ல நேரம் மொரீசியஸில் நமக்குக் காலை 10 மணி, அங்கே 11:30. விடியற்காலையிலும் மாலை ஐந்துக்கு மேலும் கடைக்காரருக்குக் கை ஓயாது, அப்போது சொன்னது மறந்துபோகும். கோயிலில் கல்யாணம் என்றால் அதற்கும் முன்னால் உங்கள் குருக்களிடம் கேளுங்கள்: மாலை அவர் கணக்கில் சேர்த்தியா, வெளியில் வாங்க வேண்டுமா? கேட்காமல் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு இரட்டைச் செலவு செய்கிறவர்கள் நிறைய. வெளியில் என்றால் பட்டியல் இது: தம்பதிக்கு ஒரு ஜோடி, சுவாமிக்கு, அபிராமிக்கு, காலசம்ஹாரமூர்த்திக்கு, கள்ள வாரணப் பிள்ளையாருக்கு ஒவ்வொன்று. சிவனுக்குத் தாழம்பூ கூடாது, வில்வம் கேளுங்கள். பிள்ளையாருக்கு அருகம்புல்.

சரத்தை முழத்தில் விற்பார்கள். முழம் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, ஏறக்குறைய ஒன்றரை அடி. அளப்பது விற்பவர் கை. அதைவிட முக்கியம் கட்டு. இடைவெளி விட்டுக் கட்டினால் பாதிப் பூவில் முழம் நிறைந்துவிடும். “நெருக்கமா, வாழைநார்ல கட்டுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலை முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலையில் வாங்கிய மல்லிகை வேண்டாம். இரவில் மலர்ந்து விடியும்போது பழுத்துவிடும். அன்று காலை வந்த மொட்டில் கட்டச் சொல்லுங்கள். வாழையிலையில் சுற்றி நிழலில் வைத்தால் போதும். தண்ணீர் தெளித்துப் பையில் கட்டி வைத்தால் மொட்டு கறுக்கும். சித்திரை வெயிலில் ரோஜா மாலை மதியத்துக்குள் இதழ் கொட்டும். நடுவில் சம்பங்கி வைத்துக் கட்டியது தாங்கும்.

துக்க வீட்டுக்கு அனுப்புவது தனி விஷயம். கடையில் “துக்கத்துக்கு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரோஜா மாலை என்று மட்டும் சொன்னால் கல்யாண ஜிகினாவோடு கட்டிவிடுவார்கள். எப்போது எடுக்கிறார்கள் என்று வீட்டாரிடம் கேட்டு, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும்படி சொல்லுங்கள். எடுத்த பிறகு வரும் மாலையால் பயனில்லை. தவறிவிட்டால் பதினாறாம் நாள் படத்துக்குப் போடலாம்.

விலை நாளுக்கு நாள் மாறும். முகூர்த்த நாளில் ஏறும்; மார்கழி, தை பனியில் மல்லிகை வரத்து குறைந்து இன்னும் ஏறும். அப்போது “முல்லை கலந்தால் பரவாயில்லை” என்று இடம் கொடுங்கள். பேசும்போது “இந்திய ரூபாய்” என்றே சொல்லுங்கள். நம் மொரீசியஸ் ரூபாய்க்கு மதிப்பு அதிகம், குழப்பத்தில் இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டு வருந்த வேண்டாம். பூக்கடையில் கார்டு மெஷினை எதிர்பார்க்காதீர்கள். ரொக்கம், அல்லது செல்போனில் ஸ்கேன் செய்து கட்டுவது. உள்ளூர் உறவினரையோ தங்கும் விடுதிக்காரரையோ பாதி முன்பணம் கட்டச் சொல்லி, மீதியை மாலை கைக்கு வந்ததும் கொடுங்கள்.

முகவரியில் கதவு எண் மட்டும் இருந்தால் பையன் தெருவில் சுற்றுவான். தெருப் பெயர், பக்கத்தில் என்ன கோயில் அல்லது கடை, வாங்குபவரின் செல் எண், வீட்டுக்காரர் ஊரில் வழங்கும் பெயர் நான்கும் வேண்டும். கிளம்புமுன் மாலையை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.