நண்பர்கள் குழுவில் ஷோனென் மங்கா தரவரிசை போடுவது எப்படி?

மங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை; அதில் சிறுவர்களுக்கான இதழ்களில் வருவது ஷோனென். "டாப் 10 ஷோனென் எது?" என்று ஒருவர் கேட்டதும் கிளம்புகிற வாக்குவாதத்துக்குள் பெரும்பாலும் மூன்று தனிச் சண்டைகள் கலந்து கிடக்கும். எது ஷோனென், எதை வைத்து அளப்பது, பத்துப் பேருடைய விருப்பத்தை எப்படி ஒரே பட்டியலாக்குவது. எங்கள் குழுவில் இந்த மூன்றையும் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாகத் தீர்த்த பிறகுதான் எல்லோரும் ஏற்றுக்கொண்ட பட்டியல் கையில் வந்தது. அந்த வழியை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

தேவையானது கூகுள் ஷீட்ஸில் ஒரு தாள், வாக்கு வாங்க ஒரு கூகுள் ஃபார்ம். அவ்வளவுதான். டியர்மேக்கர் மாதிரி படத்தை இழுத்து வரிசையில் போடும் தளங்களை நான் பரிந்துரைப்பதில்லை. பார்க்க அழகாக இருக்கும், பகிரவும் எளிது. ஆனால் ஏன் அந்த இடம் என்று எழுத அதில் இடமே கிடையாது. காரணம் எழுதாத பட்டியலை மறுவாரம் போட்டவராலேயே காப்பாற்ற முடியாது.

படி 1: மங்காவா, அனிமேவா?

அனிமே என்பது ஜப்பானிய அனிமேஷன். பட்டியல் இரண்டில் எதைப் பற்றியது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ஜுஜுட்சு கைசென், டீமன் ஸ்லேயர் போன்றவை தமிழ் டப்பிங்கில் வரத் தொடங்கிய பிறகு ரசிகர்களாகச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் மனதில் இருப்பது இசை, குரல், சண்டைக் காட்சியின் அசைவு எல்லாம் சேர்ந்த ஒன்று. பழைய வாசகர் மனதில் இருப்பது கறுப்பு வெள்ளைப் பக்கம். இருவரும் 'டீமன் ஸ்லேயர்' என்றே சொல்வார்கள், பேசுவது வேறு வேறு படைப்பைப் பற்றி. நாம் போடுவது மங்கா பட்டியல் என்றால், அனிமே மட்டும் பார்த்தவர் அந்தத் தலைப்புக்கு மதிப்பெண் போடாமல் காலியாக விடட்டும்.

படி 2: எது ஷோனென்?

இங்கேதான் நான் அதிக நாள் நின்றேன். நீங்களும் நிற்பீர்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஷோனென் என்பது கதையின் வகை அல்ல. எந்த இதழில் தொடராக வந்தது என்பதே அளவுகோல். சிறுவர்களை வாசகர்களாகக் கருதி நடத்தப்படும் இதழில் வந்தால் ஷோனென். வளர்ந்த ஆண்களுக்கான இதழில் வந்தால் செய்னென். சிறுமிகளுக்கு ஷோஜோ, வளர்ந்த பெண்களுக்கு ஜோசெய். ரத்தம், இருட்டு, தத்துவம், காதல் எதுவும் இதைத் தீர்மானிப்பதில்லை. இதை ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

முக்கியமான ஷோனென் வார இதழ்கள் நான்கு. கோடான்ஷா பதிப்பகத்தின் வீக்லி ஷோனென் மேகசீன், ஷோகாகுகானின் வீக்லி ஷோனென் சண்டே இரண்டும் 1959 மார்ச்சில் ஒரே நேரத்தில் வெளிவந்தவை. ஷூயெய்ஷாவின் ஷோனென் ஜம்ப் 1968இல் வந்தது, அகிதா ஷோடெனின் ஷோனென் சாம்பியன் 1969இல். இவற்றோடு ஷோனென் கங்கன், பெஸ்ஸாட்சு ஷோனென் மேகசீன் போன்ற மாத இதழ்களும் உண்டு. ஜம்ப் மட்டுமே ஷோனென் என்று நினைத்தால் சண்டேவின் டிடெக்டிவ் கோனன், இனுயாஷா, ஃப்ரீரென் எல்லாம் வெளியே போய்விடும்; கங்கனில் 2001 முதல் 2010 வரை ஓடிய ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்டும் போய்விடும். அது இல்லாத பட்டியலை நான் ஏற்க மாட்டேன்.

தாளில் 'இதழ்' என்று ஒரு பத்தியை (column) திறந்து ஒவ்வொரு தலைப்புக்கும் நிரப்புங்கள். வழக்கமாக மாட்டிக்கொள்ளும் தலைப்புகள் இவை:

அட்டாக் ஆன் டைட்டன்: மனிதர்களை விழுங்கும் கதை என்பதால் செய்னென் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். 2009 முதல் 2021 வரை ஓடியது பெஸ்ஸாட்சு ஷோனென் மேகசீனில். 2011இல் கோடான்ஷா விருது வாங்கியதும் ஷோனென் பிரிவில்தான். பட்டியலில் இருக்கட்டும்.

டெத் நோட்: 2003 முதல் 2006 வரை ஜம்ப். பக்கம் பக்கமாக வசனம், நாயகனே கொலைகாரன். இருந்தாலும் ஷோனென்தான்.

டோக்கியோ கூல், கிங்டம்: இரண்டும் வீக்லி யங் ஜம்ப். பெயரில் 'ஜம்ப்' இருப்பதைப் பார்த்துச் சேர்த்துவிடுவார்கள். அது செய்னென் இதழ். நீக்குங்கள்.

ஒன் பஞ்ச் மேன்: இதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். ஆங்கிலப் பதிப்பின் அட்டையில் ஷோனென் ஜம்ப் முத்திரையே இருக்கிறது. ஆனால் ஜப்பானில் அது வருவது யங் ஜம்பின் இணையதளத்தில். ஆங்கிலப் பதிப்பின் முத்திரை அந்த ஊர்ப் பதிப்பாளரின் விற்பனை முடிவு. அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். முதலில் எங்கே தொடராக வந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

வின்லாண்ட் சாகா: 2005இல் வீக்லி ஷோனென் மேகசீனில் தொடங்கி, அதே ஆண்டில் ஆஃப்டர்நூன் என்ற செய்னென் மாத இதழுக்கு மாறியது. 2012இல் கோடான்ஷா விருது கிடைத்தபோது அது பொதுப் பிரிவில் இருந்தது. இடம் மாறிய தொடர்களுக்கு எங்கள் விதி: அதிகப் பக்கங்கள் எங்கே வந்தனவோ அதுவே வீடு. ஜோஜோவுக்கு இந்த விதி தொந்தரவு கொடுக்கும். 1987இல் ஜம்பில் தொடங்கிய அது 2005இல் அல்ட்ரா ஜம்ப் என்ற செய்னென் இதழுக்குப் போனது. அதைப் பாகம் பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு பாகங்கள் ஷோனென், இடையில் மாறிய ஏழாவதை எங்கே வைப்பது என்று குழுவே முடிவு செய்யட்டும்.

ஜப்பானிய மூலப் பிரதியின் ஒரு பக்கம் கிடைத்தால் இன்னொரு அடையாளமும் பார்க்கலாம். வசனக் குமிழுக்குள் கான்ஜி எழுத்துகளை (சீன எழுத்திலிருந்து வந்தவை) ஒட்டி, பொடி எழுத்தில் அவற்றின் உச்சரிப்பு அச்சாகியிருக்கும். ஷோனென் ஜம்பில் சின்னப் பையனும் தடையில்லாமல் படிக்கட்டும் என்று ஒவ்வொரு கான்ஜிக்கும் இதைப் போடுவார்கள். ஆஃப்டர்நூன் போன்ற இதழ்களில் பெரும்பாலும் இருக்காது. இது துணைச் சான்று மட்டுமே, தீர்ப்பை இதழின் பெயரே சொல்லட்டும்.

படி 3: உள்வகை

இது சீக்கிரம் முடிகிற படி. சண்டை, விளையாட்டு, துப்பறிதல், நகைச்சுவை, காதல் என்று ஒரு பத்தி. ஸ்லாம் டங்க், ஹைக்யூ இரண்டையும் ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறது. ஸ்லாம் டங்கையும் டிராகன் பாலையும் 'யார் பலசாலி' என்ற கேள்வியால் ஒப்பிட முடியாது. உள்வகைக்குள் முதலில் வரிசைப்படுத்தி, பிறகு முதல் இரண்டு இடங்களை மட்டும் பொதுப் பட்டியலுக்கு அனுப்புங்கள்.

'பிக் த்ரீ' என்ற பெயரையும் இங்கேயே ஒதுக்கி வையுங்கள். ஒன் பீஸ், நருட்டோ, ப்ளீச் மூன்றும் ஜம்பில் ஒன்றாக ஓடிய காலத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் அது. 2001இல் ப்ளீச் வந்து சேர்ந்தது, 2014இல் நருட்டோ முடிந்தது. எல்லாக் காலத்துக்கும் முதல் மூன்று என்று அதற்குப் பொருள் இல்லை.

படி 4: எந்த அளவுகோல்?

விற்பனை, அந்தக் காலத்துச் செல்வாக்கு, உங்கள் ரசனை. ஒரு பட்டியலுக்கு ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். மூன்றையும் கலந்து 'ஓவரால்' என்று போடும் பட்டியலை நான் நம்புவதில்லை.

விற்பனையை எடுத்தால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, அச்சடித்த பிரதிகளும் விற்ற பிரதிகளும் வேறு. பதிப்பகங்கள் 'இத்தனை கோடி' என்று அறிவிப்பது பெரும்பாலும் அச்சிட்டு வெளியே அனுப்பிய கணக்கு. ஜப்பானில் விற்பனையைக் கணக்கிடும் ஓரிகான் நிறுவனம் வெளியிடுவது விற்பனையின் மதிப்பீடு. ஒரே பத்தியில் இரண்டையும் எழுதக் கூடாது. இரண்டாவது, காலம். ஓரிகானின் ஆண்டுப் பட்டியலில் 2008 முதல் 2018 வரை ஒவ்வோர் ஆண்டும் முதலிடம் ஒன் பீஸுக்குத்தான். 2020இல் டீமன் ஸ்லேயர் 8.2 கோடிப் பிரதிகளுடன் முதலிடம். அடுத்து வந்த கிங்டம் ஏறக்குறைய 82 லட்சம். இத்தனைக்கும் டீமன் ஸ்லேயர் அந்த ஆண்டு மே மாதமே ஜம்பில் முடிந்துவிட்டது. மொத்தமே 23 தொகுதிகள். பதினொரு ஆண்டு தொடர்ந்த முதலிடம் பெரிதா, ஒரே ஆண்டின் அந்த உயரம் பெரிதா? எண்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் கேள்வியை இந்த வடிவத்தில் வைத்தால் பேச்சு சுவையாகிவிடும். என்னைக் கேட்டால், தொடர்ந்து நிற்பதற்கே என் வாக்கு.

ஜம்பின் உள்ளே தொடர்கள் வரும் வரிசையைப் பார்த்து வாராவாரம் தரவரிசை சொல்பவர்களும் உண்டு. இதழோடு வரும் வாசகர் அட்டையில் பிடித்த மூன்று தொடர்களைக் குறிக்க வேண்டும்; அந்த முடிவு சில வாரம் கழித்துப் பக்க வரிசையில் தெரிகிறது என்பது அவர்கள் கணக்கு. கணக்கு ஓரளவு உதவும். ஆனால் வண்ணப் பக்கம் பெற்ற தொடர்களையும், புதிதாகத் தொடங்கியவற்றையும் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஜாகுவார் என்ற நகைச்சுவைத் தொடர் ஆண்டுக்கணக்கில் இதழின் கடைசியிலேயே வந்தது; அது அதற்கென்று ஒதுக்கிய இடம், தோல்வியின் அடையாளம் இல்லை. வாக்கு எண்ணிக்கையைப் பதிப்பகம் வெளியிடுவதும் இல்லை.

படி 5: வாக்குகளைச் சேர்ப்பது

'உங்கள் நம்பர் ஒன் எது?' என்று மட்டும் கேட்காதீர்கள். ஐந்து பேர், நான்கு தலைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் ஒன் பீஸை முதலில் வைக்கிறார்கள். மற்ற மூவரும் ஆளுக்கொன்றாக நருட்டோ, ஸ்லாம் டங்க், ஃபுல்மெட்டலை வைக்கிறார்கள். ஒன் பீஸ் ஜெயித்துவிடும். ஆனால் அந்த மூவரும் ஒன் பீஸைக் கடைசியில் வைத்திருந்தால்?

முழு வரிசையையும் வாங்குங்கள். முதலிடத்துக்கு 4, பிறகு 3, 2, 1. மேலே சொன்ன ஐவரில் நான்கு பேர் ஃபுல்மெட்டலை இரண்டாவதாக வைத்திருந்தால் அதற்கு 4 + 3 + 3 + 3 + 3, ஆக 16 புள்ளிகள். ஒன் பீஸுக்கு 4 + 4 + 1 + 1 + 1, ஆக 11. குழு முழுவதும் மதிக்கிற தலைப்பு மேலே வந்துவிடும். இந்த முறைக்கு மாறியதும் எங்கள் குழுவில் குரல் தணிந்தது. தோற்ற தலைப்புக்காரரும் தன் இரண்டாவது விருப்பம் ஜெயித்ததைப் பார்த்தார்.

பின்சேர்க்கை 1

இதைச் செய்து பார்த்த ஒருவர் சொன்ன சிக்கல்: படிக்காத தலைப்பை எல்லோரும் கடைசியில் தள்ளிவிடுகிறார்கள், அதனால் அதிகம் அறியப்படாத நல்ல தொடர்கள் அடிபடுகின்றன. உண்மைதான். தலைப்புகள் பத்துக்கு மேல் போனால் வரிசைக்குப் பதிலாக 10க்கு மதிப்பெண் வாங்குங்கள். படிக்காதது காலியாக இருக்கட்டும்.

அப்போது வேறொரு சிக்கல் வரும். மூன்றே பேர் படித்து 9.7 சராசரி வாங்கிய தொடர், நாற்பது பேர் படித்து 8.6 வாங்கியதை முந்திவிடும். இதற்கு எடையிட்ட சராசரி போட வேண்டும். ஒவ்வொரு தலைப்புக்கும், குழுவின் பொதுச் சராசரியைக் கொடுத்த பத்துப் பேர் கூடுதலாக இருப்பதாக வைத்துக் கணக்கிடுங்கள். பொதுச் சராசரி 7.5 என்றால், முதல் தொடருக்கு 3 × 9.7, அதோடு 10 × 7.5, மொத்தத்தை 13ஆல் வகுக்க 8.01. இரண்டாவதற்கு 40 × 8.6, அதோடு 10 × 7.5, மொத்தத்தை 50ஆல் வகுக்க 8.38. குழு சிறியதென்றால் பத்துக்குப் பதில் மூன்று அல்லது நான்கு போதும்.

பின்சேர்க்கை 2

ஸ்பை ஃபேமிலி, ஹெல்ஸ் பாரடைஸ் எல்லாம் அச்சு இதழில் வரவில்லையே, அவற்றை என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். இரண்டும் ஷோனென் ஜம்ப் பிளஸ் என்ற செயலியில் தொடராக வந்தவை. நான் ஷோனெனில் சேர்க்கிறேன், ஆனால் தனி நிறம் அடித்து. அந்தச் செயலியில் வாசகர் வயது வரம்பு ஜம்ப் இதழைவிடத் தளர்வாகத்தான் தெரிகிறது. செயின்சா மேன் முதல் பாகம் 2018 முதல் 2020 வரை அச்சு ஜம்பில், இரண்டாம் பாகம் 2022இல் செயலியில் தொடங்கியது. இரண்டையும் தனித்தனி வரியாகப் போட்டு, தனித்தனியாக மதிப்பெண் வாங்குங்கள்.