பழைய வீட்டை இடிப்பதா, சீரமைப்பதா? ஆர்க்கிடெக்டோடு வேலையைத் தொடங்குவது எப்படி

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஜார்ஜ் டவுனிலோ தாத்தா காலத்து வீடு இருந்து, அது கொஞ்சம் ஒழுக ஆரம்பித்தால் போதும், இரண்டு பேர் வந்துவிடுவார்கள். ஒருவர் இடித்துக் கட்டி வீடுகளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று ‘ஜாயின்ட் வென்ச்சர்’ பேசும் பில்டர், இன்னொருவர் ‘மேல ஒரு கோட் வாட்டர் ப்ரூஃபிங் அடிச்சா சரியாயிடும்’ என்னும் மேஸ்திரி. இருவரும் வீட்டை முழுசாகப் பார்ப்பதற்கு முன்பே பதிலைக் கையில் வைத்திருப்பவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் முன் வீட்டை ஒருமுறை ஒழுங்காக ஆய்வு செய்யுங்கள். அதற்குச் செலவாகும் பணம் வீண் போகாது என்று அழுத்திச் சொல்வேன்.

படி 1: பத்திரங்களை எடுத்து வையுங்கள்

மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, கிடைத்தால் பழைய பிளான். வாரிசுகள் பலர் என்றால் எல்லோரும் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள், ஏனென்றால் பாதி வேலையில் ஒரு சித்தப்பா ‘எனக்குச் சம்மதமில்லை’ என்றால் எந்த ஆர்க்கிடெக்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

படி 2: உங்கள் கட்டடத்துக்கு எந்த விதி பொருந்தும் என்று பாருங்கள்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உங்கள் கட்டடம் இருந்தால், இடிக்கவோ முகப்பை மாற்றவோ பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டை போல மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்துக்கு 100 மீட்டருக்குள் இருந்தால் புதுக் கட்டடமே கூடாது, பழுதுபார்ப்பதற்கும் அனுமதி தேவை. அதைத் தாண்டிய 200 மீட்டருக்கும் அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். பழைய அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேறு கதை: 2022-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும்.

படி 3: ஆர்க்கிடெக்டிடம் முதலில் ஆய்வை மட்டும் கேளுங்கள்

1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ள கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்புறம் அவர் சீரமைத்த சுண்ணாம்புக் கட்டடம் ஒன்றையாவது நேரில் போய்ப் பாருங்கள், முடிந்தால் ஒரு மழைக்காலம் தாண்டிய கட்டடமாக இருக்கட்டும். முதல் ஒப்பந்தத்தில் மூன்றே விஷயங்கள் இருந்தால் போதும்: உள்ளது உள்ளபடி அளவெடுத்த வரைபடம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் அறிக்கை, இரண்டு அல்லது மூன்று வழிகளும் ஒவ்வொன்றுக்கும் உத்தேசச் செலவும். முழு வேலைக்கான ஃபீஸை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

படி 4: ஆய்வு நடக்கும்போது கூடவே இருங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் கூரைதான். தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி மூலைவாட்டில் சுண்ணாம்பில் பதித்த வரிசை, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், கடைசியில் தட்டையான ஓடு, அதாவது தட்டோடு. அந்தத் தளத்தைக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள்.

உத்திரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் கல் மாதிரி இருக்கும். கெட்டுப்போவது சுவருக்குள் நுழையும் முனை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த முனையில் அழுத்திப் பாருங்கள்: உள்ளே இறங்கவில்லை என்றால் மரம் நன்றாக இருக்கிறது, பொலபொலவென்று உள்ளே போனால் கறையானோ ஈரமோ தின்றிருக்கிறது. முனை மட்டும் கெட்டிருந்தால் அந்த நுனியை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டவோ, இரும்புத் தாங்கி கொடுக்கவோ முடியும். ‘உத்திரம் போயிடுச்சு, மொத்தமாப் பிரிச்சிடலாம்’ என்று யார் சொன்னாலும் எத்தனை உத்திரம், எந்த இடத்தில் என்று கேளுங்கள்.

அப்படியே மாடிக்குப் போய், ஒவ்வொரு தடவை ஒழுகியபோதும் எத்தனை அடுக்கு சிமென்ட் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் டேங்க் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றாலே ஒரு டன் எடை. அந்தக் கூரை இதற்கெல்லாம் கட்டப்பட்டதல்ல.

சுவர் அடியில் பூச்சு உப்பிக்கொண்டு வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் அது ஓதம். பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஆனால் அதை வெளியேயும் விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, செங்கல்லையே பொடியாக்கும். டைல்ஸ் ஒட்டி மறைத்தால் இன்னும் மோசம். சிமென்டைச் செதுக்கி எடுத்து, சுவரைக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பே பூசுவதுதான் சரியான வைத்தியம்.

1960-களுக்குப் பிறகு போட்ட கான்கிரீட் தளம் என்றால் பார்க்க வேண்டியது கம்பி. ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனைகள் கான்கிரீட்டின் தரத்தைக் காட்டும், கம்பியின் துருவை ஹாஃப் செல் சோதனை காட்டும். கடற்கரைப் பக்கம் இதைத் தவிர்க்கவே கூடாது.

படி 5: இப்போது முடிவெடுங்கள்

இடித்துக் கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்று ஆர்க்கிடெக்டைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கட்டட விதிகளின்படி உயரமில்லாத கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப் பரப்பு, என்று கேட்கத் தாராளமாகத்தான் இருக்கும். ஆனால் ஒட்டுவீடுகள் (சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்) நிறைந்த தெருவில், ஒடுக்கமான மனையில், விட வேண்டிய இடைவெளியும் கார் நிறுத்தமும் விட்ட பிறகு கையில் மிஞ்சுவதைப் பார்த்தால் பலருக்கு முடிவு மாறிவிடும். ஒட்டுவீடு என்றால் பொதுச் சுவரையும் மறக்காதீர்கள், பக்கத்து வீட்டு உத்திரமும் அதே சுவரில்தான் தங்கியிருக்கும். மூன்றாவது வழியும் உண்டு: முன்கட்டையும் முற்றத்தையும் சீரமைத்து வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் சேர்த்த பின்கட்டை மட்டும் புதிதாகக் கட்டுவது. இடம் அனுமதித்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

படி 6: வேலைக்கு விடும் முன்

ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் எழுதிய பட்டியல் இல்லாமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ‘கூரை ரிப்பேர், லம்ப்சம்’ என்று ஒரே வரியில் எழுதினால் திருப்பி அனுப்புங்கள். பூச்சை உரித்த பிறகுதான் தெரியும் விஷயங்களுக்கென்று கொஞ்சம் பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். ஆர்க்கிடெக்ட் ஃபீஸையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, சைட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சீரமைப்பு வேலையில் பாதி முடிவுகள் சைட்டில்தான் எடுக்கப்படும், அந்த நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் கொத்தனார் கையிலிருக்கும் சிமென்ட் மூட்டையைத்தான் பிரிப்பார்.

படி 7: வேலை நடக்கும்போது

கூரையைப் பிரிப்பதைப் பொங்கல் முடிந்ததும் தொடங்குங்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன் மூடியிருக்க வேண்டும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், அதைக் காய விடாமல் ஈரப்படுத்திக்கொண்டே இருக்க ஓர் ஆள் தேவை. பூசும் முன் ஒரு சின்னச் சுவரில் மாதிரி பூசச் சொல்லி, சில நாள் விட்டு, கையால் தேய்த்துப் பாருங்கள்; மாவு மாதிரி உதிர்ந்தால் கலவையை மாற்றச் சொல்லுங்கள். சுவிட்ச் போர்டுக்கும் குழாய்க்கும் சுவரைக் குடையும் முன் ஆர்க்கிடெக்டிடம் ஒரு வார்த்தை கேட்கும்படி எலெக்ட்ரீஷியனிடமும் பிளம்பரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் இறுதி வரைபடத்தையும், எந்த இடத்தில் என்ன கலவை போட்டார்கள் என்ற குறிப்பையும் கேட்டு வாங்கிப் பத்திரங்களோடு வையுங்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் மாடித் தண்ணீர்க் குழாய்களில் அடைத்திருக்கும் இலையை எடுத்துவிட்டு, தட்டோட்டில் விரிசல் இருக்கிறதா என்று நடந்து பார்த்துவிடுங்கள்.