அக்டோபரில் கயோட்டி கல்ச்: ஒரு ராத்திரி தங்கிவர என்னென்ன வேண்டும்

பாலைவனம் என்றாலே தொப்பி, சன்ஸ்கிரீன், பத்து லிட்டர் தண்ணீர் என்று ஆரம்பித்துவிடுகிறோம். அமெரிக்காவில் தெற்கு யூட்டாவின் எஸ்கலான்டே ஊர்ப் பக்கம் இருக்கிற கயோட்டி கல்ச் என்ற ஓடைப் பள்ளத்தாக்குக்கு அக்டோபரில் போகிறவர் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். பகலில் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நடக்கச் சுகமாக இருக்கும், ஆனால் ராத்திரி 3, 4 டிகிரிக்கு இறங்கிவிடும், மாதக் கடைசியில் உறைபனியே விழும். பள்ளத்தாக்குக்குள் இறங்கியபின் பாதி நேரம் ஓடைத் தண்ணீரில்தான் நடை. அதனால் முதுகுப் பையைக் கட்டும்போது வெயிலை விட ஈரம், குளிர், நீளமான இருட்டு இந்த மூன்றையும்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரை அங்கே இடிமழைக் காலம், திடீர் வெள்ளம் வரும், அதை விட்டுவிடுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய நல்ல காலம். காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாவதைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபரின் பின்பாதி. அமைதி வேண்டுமென்றால் வார நாள். சனிக்கிழமை போய்விட்டு கூட்டம் கூட்டம் என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

ராத்தங்கலுக்கு பெர்மிட் கட்டாயம், காசு கிடையாது. எஸ்கலான்டே ஊரில் இருக்கிற விசிட்டர் சென்டரில் வாங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் ரோடு எப்படி இருக்கிறது, ஓடை வருகிற மேல்பகுதியில் மழை இருக்கிறதா என்று அங்கேயே நேரில் கேட்டுவிடலாம். ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கூடாது, நாய் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது. மலத்தைக் குழிதோண்டிப் புதைக்கவும் கூடாது, அதற்கென்று விற்கிற பையில் கட்டி வெளியே தூக்கிவர வேண்டும். கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் எல்லாரும் குடிக்கிற ஓடை அது, மணலில் புதைத்தால் சீக்கிரம் மக்காது. ஆளுக்கு இரண்டு பை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரோடு. ஹைவே 12-லிருந்து பிரிகிற ஹோல் இன் தி ராக் ரோடு முழுக்க மண் ரோடு. 1879-80-ல் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடியேறிகள் வண்டி ஓட்டிக்கொண்டு கொலராடோ ஆற்றைத் தாண்டப் போன தடம்தான் இது. இன்றைக்கும் சில மைல்களில் அவர்கள் மேல் மரியாதை வரும், பல்லெல்லாம் ஆடுகிற அளவுக்கு வரிவரியான மேடுபள்ளம். நடை தொடங்குகிற இடமான ஹரிக்கேன் வாஷ் ட்ரெயில்ஹெட் 30 மைலுக்கு மேல் உள்ளே. காய்ந்திருந்தால் தரையிலிருந்து உயரமான வண்டி போதும், மழை பெய்துவிட்டால் களிமண்ணில் எந்த வண்டியும் வழுக்கும். வழியில் பெட்ரோல் இல்லை, தண்ணீர் இல்லை, செல்போன் சிக்னலை நம்ப முடியாது. ஊரிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு, எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வாடகைக் கார் என்றால் மண் ரோட்டுக்கு அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள், பலதில் இருக்காது.

உள்ளே இறங்க வேறு வழிகளும் உண்டு. ஒன்றில் பையைக் கயிற்றில் இறக்கிவிட்டு நீங்கள் பாறை இடுக்கில் நுழைந்து வர வேண்டும், இன்னொன்றில் வழுக்குப் பாறைச் சரிவில் கயிறு பிடித்து இறங்க வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் ஹரிக்கேன் வாஷைத்தான் சொல்வேன், போன வழியே திரும்பி வருவது. ஜேக்கப் ஹாம்ப்ளின் ஆர்ச் என்ற இயற்கைப் பாறை வளைவு வரை ஒரு பக்கம் சுமார் 7 மைல். முதல் சில மைல் வறண்ட மணல் ஓடை, அந்த இடத்துக்கு மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் சுமந்தாக வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் பாறை நெருங்கி உயர்ந்து, மணல் ஈரமாகி, ஹரிக்கேன் வாஷ் கயோட்டி கல்ச்சோடு சேர்கிற இடத்தில் ஓடை ஓட ஆரம்பித்திருக்கும். அங்கிருந்து தண்ணீர்க் கவலை இல்லை. ஓடைத் தண்ணீரை ஃபில்டர் செய்துதான் குடிக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் தெளியவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஆர்ச் பக்கத்தில் பாறைச் சுவரிலிருந்தே ஊற்று கசிகிறது, அது இன்னும் தெளிவு.

காலுக்கு வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் வேண்டாம். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. சீக்கிரம் காய்கிற சாதாரண ஓட்டக் காலணியும் கம்பளி சாக்ஸும் போட்டு, நனையட்டும் என்று நடந்துவிடுங்கள்; கணுக்கால் ஆழம்தான் பெரும்பாலும். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி சாக்ஸைத் தண்ணீர் படாத பையில் தனியாக வையுங்கள், அதை என்ன ஆனாலும் நடக்கப் போடாதீர்கள். ஓடைக் கரையில் மும்மூன்று இலையாக, இலையுதிர் காலத்தில் அழகான சிவப்பில் ஒரு செடி இருக்கும். பாய்சன் ஐவி. போட்டோ எடுங்கள், தொடாதீர்கள், பட்டால் பல நாள் கொப்புளமும் அரிப்பும்தான்.

காலை 9 மணிக்குக் கிளம்பினால் மதியம் இரண்டு வாக்கில் ஆர்ச் பக்கம் வந்துவிடலாம். டென்ட் போடுகிற இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. ஓடையை ஒட்டின மணல் திட்டு கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் போவது அதுதான். மரக்கிளைகளில் சருகும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள், தண்ணீர் வந்துபோன உயரம் அது. ஏற்கனவே ஆட்கள் தங்கித் தங்கிப் பழகின மேட்டில் போடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும், பத்திருபது அடி ஏறினாலே ராத்திரி கொஞ்சம் இதமாக இருக்கும், டென்ட் உள்பக்கம் வியர்ப்பதும் குறையும். கறுப்பாக, மேடும் பள்ளமுமாக ஒரு மண் தெரிந்தால் மிதிக்காதீர்கள். நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டின உயிருள்ள மேலோடு அது, ஒரு மிதியில் நொறுங்கினது திரும்பி வர வருடக்கணக்காகும்.

டென்ட் போட்டதும் பெரிய பையை வைத்துவிட்டு, ஓடையோடு இன்னும் ஒன்றரை இரண்டு மைல் கீழே கயோட்டி நேச்சுரல் பிரிட்ஜ் என்ற இயற்கைப் பாறைப் பாலம் வரை போய்வரலாம், ஹெட்லாம்ப்பை மட்டும் மறக்க வேண்டாம். அக்டோபர் நடுவில் சூரியன் மறைவது ஆறே முக்கால் வாக்கில், விடிவது ஏழரைக்கு மேல், பள்ளத்தாக்கின் அடியிலோ சூரியன் மறைவதற்கு வெகு முன்பே வெயில் போய்விடும்.

ஆக, பன்னிரண்டு மணி நேர ராத்திரி. இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. மைனஸ் 7 டிகிரி வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக், அடியில் நல்ல பேட், இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், குல்லா. முதல் நாள் ராத்திரிக்கு வீட்டில் கிளறின புளிசாதம் அருமையாகத் தாங்கும், ஆனாலும் அடுப்பை விட்டுவிடாதீர்கள், தூங்குமுன் சூடாக ஏதாவது குடித்தால்தான் உடம்பு கேட்கும். தண்ணீர் ஃபில்டரைக் கவரில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற நுண்குழாய்கள் ஒரு தடவை உறைந்தால் விரிசல் விடும், வெளியே பார்த்தால் தெரியாது. சாப்பாட்டுப் பையைக் கிளையில் தொங்கவிடுங்கள், எலி டென்ட்டைக் கடித்துத் துளை போட்டுவிடும்.

மறுநாள் திரும்பும்போது அந்த மணல் ஓடை போனதை விட நீளமாகத் தெரியும், லேசான ஏற்றம் வேறு. ஓடையை விட்டுப் பிரியுமுன் 3 லிட்டரையும் நிரப்பிக்கொள்ளுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே மண் ரோட்டைத் தாண்டி ஹைவேயைப் பிடித்துவிடுகிற மாதிரி கிளம்புங்கள். ராத்திரியில் அந்த ரோட்டில் மாடுகள் நிற்கும்.